திசுப் பரிசோதனை என்றால் ஏன் பயம்? மூச்சுப்பாதை, உணவுப்பாதை நோய்கள் பற்றி ஒரு பாடம்



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வருகிறவர்கள் ஆஸ்பத்திரிச் சீட்டுகளை ஒரு பையில் போட்டுக் கொண்டு வருவார்கள். அந்தச் சீட்டுகளில் எல்லோரையும் கலங்க வைக்கிற சொல் ஒன்று உண்டு. அது 'பயாப்சி'. சதைத் துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் எழுதிவிட்டால், அது புற்றுநோய்தான் என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். 'கத்தி பட்டால் பரவிவிடும்' என்று பக்கத்து வீட்டில் ஒருவர் சொல்லுவார். சீட்டு அலமாரிக்குள் போய்விடும்.

சென்ற ஆண்டு நம்மிடம் வந்த ஒரு சகோதரரின் கதையும் அதுதான். உப்பளத்தில் மூட்டை தூக்கும் வேலை. கழுத்தின் பக்கவாட்டில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்லை. பயாப்சி சீட்டை நான்கு மாதம் யாரிடமும் காட்டாமல் வைத்திருந்தார். முடிவு என்ன வந்தது என்பதைக் காசநோய்ப் பகுதியில் சொல்கிறோம். அவரைப் போல இன்னொருவர் நான்கு மாதம் பயந்துகொண்டு இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் திசுக்கள் பற்றிய பாடம் இருக்கிறது. நம் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அந்தப் பாடத்துக்கும் வீட்டில் இருமும் அத்தாவுக்கும், வயிறு எரிகிறது என்று சொல்லும் அம்மாவுக்கும் இருக்கும் தொடர்பை இங்கே பார்ப்போம். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நான்கு வகைத் திசு

ஒரே வகையான செல்கள் ஒன்று சேர்ந்து ஒரே வேலையைச் செய்தால் அதற்குத் திசு என்று பெயர். நம் உடலில் அடிப்படையாக நான்கு வகைத் திசுக்கள் இருக்கின்றன. உடலின் மேற்பரப்பையும் குழாய்களின் உட்புறத்தையும் மூடி நிற்பது எபிதீலியத் திசு. உறுப்புகளைத் தாங்கிப் பிணைப்பது இணைப்புத் திசு. எலும்பும் இரத்தமும்கூட இந்த வகையில்தான் சேரும். சுருங்கி விரிவது தசைத் திசு. செய்தியைக் கடத்துவது நரம்புத் திசு.

மூக்கிலிருந்து நுரையீரல் வரை ஒரு குழாய். வாயிலிருந்து மலவாய் வரை இன்னொரு குழாய். இரண்டின் உட்புறத்திலும் எபிதீலியம் பூசப்பட்டிருக்கிறது. அதை இந்தப் பாடத்தில் 'உட்பூச்சு' என்று அழைப்போம். வெளியிலிருந்து வரும் காற்றும் உணவும் முதலில் தொடுவது இதைத்தான். புகை, தூசி, கிருமி, அமிலம், அளவுக்கு மீறிய உப்பு எல்லாம் முதலில் தாக்குவதும் இதைத்தான்.

உப்பளத்தில் வேலை செய்தவர்களுக்கு இது எளிதில் புரியும். மழைக்காலம் முடிந்து பாத்தி கட்டும்போது தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குகிறோம். தரை இறுகினால்தான் உப்பு நீர் மேலே நிற்கும். எங்காவது விரிசல் விட்டால் நீர் கீழே இறங்கிவிடும், அந்தப் பாத்தியில் உப்பு விளையாது. நம் உட்பூச்சும் அந்தத் தரையைப் போலத்தான். இடைவெளி இல்லாமல் இறுகியிருக்கும் வரை நாம் நலமாக இருக்கிறோம்.

ஆய்வகத்தில் என்ன செய்கிறார்கள்?

எடுக்கிற சதை பெரும்பாலும் அரிசி அளவுகூட இருக்காது. அது கெட்டுப் போகாமல் இருக்க ஃபார்மலின் என்ற திரவத்தில் போடுகிறார்கள். மீன் அழுகாமல் இருக்க உப்பிட்டுக் கருவாடாக்குகிறோம் அல்லவா? நோக்கம் அதேதான், பொருள் வேறு. பிறகு அதிலுள்ள நீரை நீக்கி, உருக்கிய மெழுகில் பதித்து, அந்த மெழுகுக் கட்டியை மிக மெல்லிய ஏடுகளாகச் சீவுகிறார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் நான்கைந்து பங்குதான் ஓர் ஏட்டின் தடிமன். அந்த ஏட்டைக் கண்ணாடிச் சில்லில் ஒட்டிச் சாயம் ஏற்றுகிறார்கள். செல்லின் உட்கரு நீலமாகவும் மற்ற பகுதி இளஞ்சிவப்பாகவும் தெரியும். அதன் பிறகு நோய்க்குறியியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்க்கிறார். இத்தனை வேலை இருப்பதால்தான் முடிவு வரச் சில நாள் ஆகிறது. தாமதமானால் கெட்ட செய்தி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

செல்கள் ஒழுங்காக அடுக்கியிருக்கின்றனவா, உட்பூச்சு கிழிந்திருக்கிறதா, அங்கே எந்த வகை வெள்ளணுக்கள் கூடியிருக்கின்றன, கிருமி இருக்கிறதா, செல்களின் வடிவம் மாறியிருக்கிறதா என்பதையெல்லாம் அவர் பார்க்கிறார். புற்றுநோய் அவர் தேடும் பலவற்றில் ஒன்று மட்டுமே. சிறு துண்டு எடுப்பதால் நோய் உடம்பெல்லாம் பரவிவிடும் என்ற பயத்தில் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். தள்ளிப்போடும் மாதங்களில் நோய் வளர்வதுதான் உண்மையான ஆபத்து.

ஒரு சிறு குறிப்பு. சில நேரம் டாக்டர் இரண்டு பாட்டில்களில் சதையைப் போட்டுத் தருவார். ஒன்றில் ஃபார்மலின் இருக்கும். மற்றதில் ஆஸ்பத்திரியின் சுத்தமான சலைன் நீர் இருக்கும். ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும் என்பதால், காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்ப்பதற்காக இரண்டாவது பாட்டிலைத் தருகிறார்கள். எந்த பாட்டில் எந்த ஆய்வகத்துக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, இரண்டையும் மறக்காமல் ஒப்படையுங்கள்.

மூச்சுப்பாதை: துடைப்பங்கள் ஓயும்போது

மூச்சுக்குழலின் உட்பூச்சில் இரண்டு முக்கியமான செல்கள் இருக்கின்றன. கோப்பை வடிவச் செல்கள் கோழையைச் சுரக்கின்றன. நாம் இழுக்கும் தூசியும் கிருமியும் அந்தக் கோழையில் ஒட்டிக்கொள்ளும். மற்ற செல்களின் தலையில் மிக நுண்ணிய மயிர் போன்ற குறுஇழைகள் இருக்கின்றன. அவை நொடிக்குப் பத்து முறைக்கு மேல் அசைந்து, அந்தக் கோழையைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். நாம் தூங்கும்போதும் இந்தத் துடைப்பங்கள் ஓய்வதில்லை. சுப்ஹானல்லாஹ்!

பீடி, சிகரெட் புகை பட்டால் இந்தக் குறுஇழைகளின் அசைவு மந்தமாகிறது. பல ஆண்டுகள் பிடித்தால் குறுஇழையுள்ள செல்கள் மறைந்து, தோலில் இருப்பது போன்ற தட்டையான செல்கள் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. துடைப்பம் இல்லாத வீட்டில் குப்பை சேருவது போலக் கோழை தேங்குகிறது. அதை வெளியேற்ற இருமலைத் தவிர வேறு வழி இல்லை. 'காலையில் எழுந்ததும் இருமி ஒரு சளி எடுத்தால்தான் சரியாகும்' என்று பீடி பிடிப்பவர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம். பிடிப்பதை நிறுத்தினால் குறுஇழைகள் மீண்டும் வளர வாய்ப்பு இருக்கிறது. நிறுத்திய புதிதில் சிலருக்கு இருமல் சற்றுக் கூடுவது போலத் தோன்றும். அதைக் கண்டு பயந்து மறுபடி பிடிக்கத் தொடங்கிவிடக் கூடாது.

மூச்சுக்குழல் கிளை கிளையாகப் பிரிந்து முடியும் இடத்தில் காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. இரண்டு நுரையீரலிலும் சேர்த்து 30 கோடிக்குக் குறையாது. அவற்றின் சுவர் மிக மெல்லியது. அதன் ஒரு பக்கம் காற்று, மறு பக்கம் இரத்தம். டமாஸ்கஸில் கற்றுக் கெய்ரோவில் மருத்துவம் செய்த இப்னு நஃபீஸ், 1242இல் எழுதிய நூலில், இதயத்தின் வலப்பக்கத்து இரத்தம் நுரையீரலுக்குப் போய்க் காற்றோடு கலந்துதான் இடப்பக்கம் வருகிறது என்று எழுதினார். நுண்ணோக்கி இல்லாத காலம் அது. நுரையீரலில் இருக்கும் மயிரிழை போன்ற நுண்குழாய்களை 1661இல்தான் இத்தாலியின் மால்பிகி நுண்ணோக்கியில் கண்டார். நம் முன்னோர் இந்த அறிவில் முன்னே நின்றார்கள் என்று பெருமை பேசினால் போதாது. நம் பிள்ளைகளும் அதைத் தொடர வேண்டும்.

விறகடுப்புப் புகையும் பீடிப் புகையும் பல ஆண்டுகள் தாக்கினால் இந்த நுண்ணறைகளின் சுவர்கள் உடைந்து, பல சிறிய அறைகள் ஒரு பெரிய பையாகிவிடும். காற்று இருக்கும், ஆனால் அது இரத்தத்தைத் தொடும் பரப்பு குறைந்துவிடும். அதனால்தான் சிலருக்குப் பத்து அடி நடந்தாலே மூச்சு வாங்குகிறது. உடைந்த சுவரை எந்த மருந்தும் திரும்பக் கட்டாது. மீதியிருப்பதைக் காப்பாற்றத்தான் முடியும். வாழ்நாளில் ஒரு பீடிகூடத் தொடாத நம் தாய்மார்களுக்கும் இந்த நோய் வருகிறது. சவுக்கு விறகை மூடிய சமையலறையில் எரித்ததுதான் காரணம். கேஸ் அடுப்பு இருந்தும் வெந்நீருக்கு விறகு வைக்கும் வீடுகள், அந்த அடுப்பையாவது முற்றத்துக்கு மாற்றுங்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பு ஊதாதீர்கள்.

ஆஸ்துமா வேறு கதை. அங்கே நுண்ணறை உடைவதில்லை. மூச்சுக்குழலின் உட்பூச்சு வீங்குகிறது, கோழை கூடுகிறது, சுற்றியிருக்கும் தசை இறுகுகிறது. மூன்றும் சேர்ந்து வழியைக் குறுக்குவதால் வீசிங் சத்தம் வருகிறது. இன்ஹேலரில் இரண்டு வகை உண்டு. ஒன்று இறுகிய தசையை உடனே தளர்த்தும். மற்றது உட்பூச்சின் வீக்கத்தை நாளடைவில் குறைக்கும். மூச்சு திணறும்போது மட்டும் முதல் வகையை இழுத்துவிட்டு, தினமும் எடுக்கச் சொன்ன இரண்டாவதை நிறுத்திவிடுவதுதான் நம்மிடையே நடக்கும் தவறு. 'இன்ஹேலர் பழக்கமாகிவிடும்' என்பதும் வீண் பயமே. மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் போகும் மருந்து, இன்ஹேலரில் மைக்ரோகிராம் கணக்கில், தேவையான இடத்துக்கு நேராகப் போகிறது.

உப்பு அரைக்கும், மூட்டை கட்டும் இடங்களில் வேலை செய்வோருக்கு ஒரு சொல். உப்புத் தூள் கல் குவாரித் தூள் போல நுரையீரலில் நிரந்தரமாகத் தங்குவதில்லை, ஈரத்தில் கரைந்துவிடும். ஆனால் போகிற வழியில் மூக்கு, தொண்டை உட்பூச்சின் ஈரத்தை இழுத்து எரிச்சல் உண்டாக்கும். ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர்கள் மூக்கையும் வாயையும் மூடித் துணி கட்டிக்கொள்ளாமல் அங்கே நிற்க வேண்டாம்.

காசநோய்: உடல் கட்டும் சிறைச்சாலை

அந்தச் சகோதரரின் கழுத்துக் கட்டிக்கு வருவோம். முடிவு காசநோய். ஆம், நுரையீரலுக்கு வெளியே நெறிகட்டியிலும் காசநோய் வரும். குடலிலும் வரும். குறிப்பாகச் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் வரும். அப்போது வயிற்றுவலி, எடை குறைவு, காய்ச்சல் என்று காட்டும். மூச்சுப்பாதை, உணவுப்பாதை இரண்டையும் தாக்கும் நோய் இது.

நுண்ணோக்கியில் இதற்குத் தனி அடையாளம் இருக்கிறது. காசநோய்க் கிருமியை வெள்ளணுக்களால் எளிதில் கொல்ல முடிவதில்லை. எனவே அவை கிருமியைச் சுற்றி வளையமாகக் கூடி நிற்கின்றன. சில செல்கள் ஒன்றோடொன்று கலந்து பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல்களாக மாறுகின்றன. நடுவில் திசு செத்துப் பாலாடைக்கட்டி போல ஆகிறது. கிருமியை உள்ளே அடைத்து வைக்க உடல் கட்டும் சிறைச்சாலை என்று இதைச் சொல்லலாம்.

இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டால், மருந்தை ஆறு மாதம் ஏன் சாப்பிட வேண்டும் என்பது புரியும். முதல் இரண்டு மாதத்தில் வெளியே சுற்றும் கிருமிகளில் பெரும்பகுதி செத்துவிடும். காய்ச்சல் நிற்கும், பசி வரும், எடை ஏறும். 'குணமாகிவிட்டது, வேலைக்குப் போகலாம்' என்று பலர் மாத்திரையை நிறுத்துவது இந்தக் கட்டத்தில்தான். ஆனால் அந்த வளையங்களுக்குள் கிருமிகள் தூங்கிக்கொண்டிருக்கின்றன. மீதி நான்கு மாத மருந்து அவற்றுக்காகத்தான். இடையில் நிறுத்தினால் அவை எழுந்து வரும், அப்போது பழைய மருந்துக்கு அடங்காமலும் போகலாம். சிலருக்கு ஆறு மாதத்துக்கு மேலும் மருந்து தேவைப்படும். நிறுத்தும் நாளை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

'நோயாளியை வீட்டில் வைத்திருக்கலாமா? பிள்ளைகளுக்கு ஒட்டாதா?' என்று கேட்கிறார்கள். இதற்கு உலகத்துக்கே பதில் சொன்ன ஊர் நம் சென்னை. 1956இல் அங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்குச் சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் தந்து சிகிச்சை அளித்தார்கள். மற்றப் பிரிவினர் நெரிசலான தங்கள் வீட்டிலேயே இருந்து அதே மருந்தைச் சாப்பிட்டார்கள். 1959இல் வெளியான முடிவில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டதுதான் குணத்தைத் தந்தது. அதன் பிறகே வீட்டிலிருந்து சிகிச்சை பெறும் முறை உலகமெங்கும் பரவியது. ஆகவே, காசநோய் வந்தவரைத் தனித்தட்டு, தனி மூலை என்று ஒதுக்காதீர்கள். பெண்ணுக்கு வந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று மறைக்காதீர்கள். நுரையீரல் காசநோய் என்றால் தொடக்க வாரங்களில் இருமும்போது வாயை மூட வேண்டும், ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், வீட்டில் உள்ள மற்றவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, காரணமில்லாத எடை குறைவு, சளியில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அரசு மருத்துவமனைக்குச் சென்று சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். சத்துணவுக்காக மத்திய அரசு மாதம் 500 ரூபாய் தந்துவந்தது. 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. வங்கிக் கணக்கு விவரம் கொடுக்காததால் இதை இழக்க வேண்டாம்.

அந்தச் சகோதரர் மருந்தை முழுமையாக முடித்துவிட்டார். கட்டி கரைந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ். நான்கு மாதப் பயம் மட்டும் வீண்.

இரைப்பை: அமிலத்தின் நடுவே ஒரு மெல்லிய திரை

இரைப்பை சுரக்கும் அமிலம் மிகக் கடுமையானது. அது இரைப்பையையே அரித்துவிடாமல் காப்பது உட்பூச்சின் மேல் படர்ந்திருக்கும் கோழைப் படலம்தான். உட்பூச்சின் செல்களும் சில நாட்களுக்கு ஒரு முறை உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. இந்தத் திரை ஓரிடத்தில் மெலிந்தால் அங்கே அழற்சி வருகிறது. உட்பூச்சைத் தாண்டிக் குழி விழுந்தால் அதுதான் அல்சர். பாத்தித் தரையில் விரிசல் விழுந்து உப்பு நீர் இறங்குவதைப் போல, அமிலம் உள்ளே இறங்குகிறது.

அல்சருக்குக் காரம், கவலை, பட்டினி இவைதான் காரணம் என்று உலகமே நீண்டகாலம் நம்பியது. அந்த நம்பிக்கையை மாற்றியது ஒரு திசுப் பரிசோதனை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோய்க்குறியியல் மருத்துவர், 1979இல் இரைப்பைச் சதைத் துண்டுகளில் வளைந்த சிறு கிருமிகளைக் கண்டார். கிருமி இருந்த துண்டுகளில் அழற்சியும் இருந்தது. அமிலத்தில் கிருமி வாழாது என்று மற்றவர்கள் ஒதுக்கினார்கள். பாரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் அவரோடு சேர்ந்தார். 1982இல் அந்தக் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்தார். சில நாளில் வாந்தி வந்தது, அவருடைய இரைப்பையில் எடுத்த துண்டில் அழற்சி தெரிந்தது. இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது அந்தக் கிருமியின் பெயர். அது இருப்பது உறுதியானால், டாக்டர் சொல்லும் ஆன்டிபயாடிக் மருந்துகளையும் அமிலக் குறைப்பு மருந்தையும் சொன்ன நாள் வரை சாப்பிட்டால் அல்சர் பெரும்பாலும் திரும்பாது. எண்டோஸ்கோபியில் சதை எடுப்பது பல நேரங்களில் இந்தக் கிருமியைப் பார்ப்பதற்காகவும்தான்.

நம் ஊருக்கு முக்கியமான இன்னொரு காரணம் வலி மாத்திரை. குனிந்து உப்பு வாரியும் மூட்டை தூக்கியும் இடுப்பு வலிக்கிறது. மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வலி மாத்திரை வாங்கி, வெறும் வயிற்றில் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறோம். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் வலியை மட்டும் குறைப்பதில்லை. இரைப்பையின் கோழைத் திரையைக் காக்கும் பொருளையும் உடலில் குறைத்துவிடுகின்றன. மலம் தார் போலக் கறுத்துப் போனால், அல்லது வாந்தியில் காபித்தூள் போல வந்தால், உள்ளே இரத்தம் கசிகிறது என்று பொருள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

உப்பும் கருவாடும் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அது நம் தொழில், நம் சாப்பாடு. உப்பு மிக அதிகமான உணவை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டால் இரைப்பை உட்பூச்சு சேதமாகும். உப்பிட்டுப் பதப்படுத்திய உணவு இரைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாட்டை அடியோடு விடச் சொல்லவில்லை. நன்றாக ஊறவைத்துக் கழுவுங்கள், குழம்பில் தனியாக உப்புப் போடாதீர்கள், தினமும் என்பதை எப்போதாவது என்று மாற்றுங்கள்.

உணவுப்பாதை வாயில் தொடங்குகிறது. வாயின் உட்பூச்சு பல அடுக்குகள் கொண்டது. வெற்றிலையோடு புகையிலை அடக்கும் இடத்தில் அந்த அடுக்குகள் மாறத் தொடங்கி, வெள்ளைத் தழும்பாகத் தெரியும். இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத புண்ணோ தழும்போ இருந்தால் காட்டுங்கள். அங்கே எடுக்கும் சிறு துண்டு, நோய் முற்றும் முன்பே பிடித்துவிட உதவும்.

சிறுகுடல்: உப்பும் சர்க்கரையும் சேரும் வாசல்

சிறுகுடலின் உட்பூச்சு பூத்துவாலையைப் போலிருக்கும். இலட்சக்கணக்கான சிறு விரல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைக் குடலுறிஞ்சிகள் என்கிறோம். சாப்பாட்டின் சத்தை இரத்தத்தில் சேர்ப்பது அவைதான். அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தால் இந்த விரல்கள் தேய்ந்து குட்டையாகிவிடும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பேக்கரும் டாக்டர் மாத்தனும் தென்னிந்திய மக்களின் குடல் திசுவைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். நோய் இல்லாதவர்போல் தெரிந்தவர்களிடமும் இந்தத் தேய்மானம் இருந்ததைக் கண்டார்கள். பிள்ளை நன்றாகச் சாப்பிட்டும் எடை ஏறவில்லை என்றால், குடிக்கும் நீரையும் கை கழுவுவதையும் முதலில் பாருங்கள்.

காலராவில் குடலின் உட்பூச்சே உரிந்து போய்விடுகிறது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். உரிந்துபோன குடலுக்கு எதைக் குடிக்கக் கொடுத்து என்ன பயன் என்று நரம்பில் மட்டுமே நீர் ஏற்றினார்கள். 1959இல் கல்கத்தாவின் டாக்டர் எஸ். என். டே, காலராக் கிருமி ஒரு நச்சைச் சுரப்பதாலேயே நீர் கொட்டுகிறது என்று காட்டினார். 1960இல் வெளியான திசு ஆய்வு, காலரா நோயாளியின் குடல் உட்பூச்சு உரியாமல் அப்படியே இருப்பதைக் காட்டியது. அதே ஆண்டில் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி, குடல் செல்லில் உப்பும் சர்க்கரையும் ஒன்றாகச் சேர்ந்து நுழையும் வாசல் ஒன்று இருப்பதாகச் சொன்னார். அவை நுழைந்தால் தண்ணீரும் பின்னாலேயே வரும்.

1971இல் வங்கதேசப் போர் அகதிகள் தங்கிய பங்கான் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, குடும்பத்தாரையே ஊட்டச் சொன்னார். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. நம் ஊர் உப்பு உயிரைக் காக்கும் இடம் இது.

ஆகவே வயிற்றுப்போக்கு வந்த பிள்ளைக்குத் தண்ணீரை நிறுத்தாதீர்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் எழுதியிருக்கும் அளவு கொதித்து ஆறிய நீரில் முழுதாகக் கலக்குங்கள். பாக்கெட் இல்லாத அவசரத்துக்கு ஒரு லிட்டர் நீரில் அரை டீஸ்பூன் தூள் உப்பும் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும், இரண்டும் தலைதட்டி அளந்து போடுங்கள். கல்லுப்பைக் கரண்டியால் அளக்காதீர்கள், அளவு சரியாக வராது. உப்புக் கூடினால் ஆபத்து. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் துத்தநாக மாத்திரையை 14 நாள் முழுதும் கொடுங்கள். தேய்ந்த உட்பூச்சு திரும்ப வளர அது உதவும். மலத்தில் இரத்தம், கண் குழி விழுதல், சிறுநீர் போகாமை, குடித்ததெல்லாம் வாந்தி என்றால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

நாம் கேட்டுக்கொள்வது

பயாப்சி சீட்டு கையில் வந்தால் ஒளிக்காதீர்கள். புதுச்சேரி ஜிப்மரிலும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் திசுப் பரிசோதனை செய்கிறார்கள். முடிவுத் தாளை வாங்கியதும் பத்திரப்படுத்துங்கள், அடுத்த டாக்டருக்கு அது தேவைப்படும். பயணச் செலவுக்குச் சிரமப்படுவோர் ஜுமுஆ தொழுகைக்குப் பிறகு நம் பொறுப்பாளர்களைச் சந்தியுங்கள். உங்கள் விவரம் வெளியே போகாது.

ரமளான் வரும்போது அல்சர், ஆஸ்துமா, காசநோய் உள்ளவர்கள் தாங்களாகவே மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். நோயாளிக்கு நோன்பில் சலுகை தந்தவன் அல்லாஹ்வே. மருந்து நேரத்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்ற முடியுமா என்று ஒரு மாதம் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். இன்ஹேலர் பற்றி ஆலிம்களிடம் கேளுங்கள். மூச்சு திணறும்போது அதை எடுக்காமல் இருந்துவிடாதீர்கள். இந்த உடல் நம்மிடம் தரப்பட்ட அமானிதம்.

பிள்ளைகளுக்கு ஐந்து கேள்விகள்

1. மூச்சுக்குழலில் கோழையை மேலே தள்ளுவது எது? புகை அதை என்ன செய்கிறது?
2. காசநோய் மருந்தை இரண்டு மாதத்தில் ஏன் நிறுத்தக் கூடாது?
3. வாரன் கிருமியை எதில் கண்டார்?
4. ஓ.ஆர்.எஸ். நீரில் உப்போடு சர்க்கரையும் ஏன் வேண்டும்?
5. உங்கள் வீட்டில் புகை எங்கிருந்து வருகிறது? அதைக் குறைக்க இந்த வாரம் என்ன செய்யலாம்?

ஐந்தாவது கேள்விக்குப் பதிலை வீட்டுப் பெரியவர்களோடு சேர்ந்து எழுதி வாருங்கள்.

நோயுற்ற எல்லோருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.